போனில் 5ஜி தெரிகிறது, வேகம் எங்கே போனது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இன்டர்நெட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான். கூடவே இன்னொரு கேள்வியும் வரும். "செல்போனில்தான் 5ஜி இருக்கிறதே, அதையே கம்ப்யூட்டருக்கும் கொடுத்தால் போதாதா?"

எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு இந்தக் கேள்வி வந்தது. "போதும்" என்று பதில் சொன்னவன் நான்தான். எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங் படித்துவிட்டு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனவே வீட்டில் என் பேச்சை நம்பினார்கள். அந்தப் பதிலால் என் தங்கைக்கு ஒரு வேலை கைநழுவிப் போனது. நான் எங்கே தவறினேன் என்று தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன். நீங்களும் அதே தவறைச் செய்யாமல் இருக்கலாம்.

பாதியில் நின்ற இன்டர்வியூ

எங்கள் வீடு மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஓர் உள் தெருவில் இருக்கிறது. தங்கைக்காக அப்பா ஒரு லேப்டாப் வாங்கினார். வீட்டுக்கென்று வந்த முதல் கம்ப்யூட்டர் அது. தனியாக பிராட்பேண்டு இணைப்பு எடுக்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் லேப்டாப்பில் இன்டர்நெட் வந்துவிடும் என்று நான் சொல்லிவிட்டேன். முன்பக்க பால்கனியில் வைத்து ஸ்பீடு டெஸ்ட்டும் செய்து காட்டினேன். 200 எம்.பி.பி.எஸ்.ஸைத் தாண்டியது.

இன்டர்வியூ அன்று, சத்தம் இருக்கக் கூடாது என்பதற்காகத் தங்கை பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அண்ணா, அவங்க பேசறது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் பேசறதுதான் அவங்களுக்குக் கேக்கல. ரெண்டு தடவை கட் ஆச்சு. அப்புறம் கூப்பிடறோம்னு சொல்லிட்டாங்க."

அப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை.

அப்பா போனை எடுத்துப் பார்த்தார். "டேய், 5ஜின்னுதான் காட்டுது. அப்புறம் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வேறு ஒரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். பின் அறையில் அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஆக, இது ஒரு நிறுவனத்தின் கோளாறு இல்லை. செல்போன் தொழில்நுட்பத்தின் ஒரு புதிய தலைமுறை எப்படி ஊருக்குள் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

'ஜி' என்றால் என்ன?

2ஜி, 3ஜி என்பதில் வரும் 'ஜி', ஜெனரேஷன், அதாவது தலைமுறை. ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு புதிய தலைமுறை வருகிறது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலகட்டத்தில் சென்னைக்கு உரிமம் பெற்றவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள். இது 2ஜி. பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கும் உருவானது.

3ஜி சேவையை ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 2001 அக்டோபரில் தொடங்கியது. நமக்கு 2008 டிசம்பரில்தான் டெல்லியில் எம்.டி.என்.எல். மூலம் வந்தது. பி.எஸ்.என்.எல். 2009 பிப்ரவரியில் சென்னையில் 3ஜியைத் தொடங்கியது. 4ஜி 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ நகரங்களில் தொடங்கி, 2012 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு ஏர்டெல் மூலம் வந்தது. 5ஜி தென் கொரியாவில் 2019 ஏப்ரலிலும், இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்றும் தொடங்கியது. ஏர்டெல் முதலில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஜியோவின் 5ஜி அதே மாதம் 22-ம் தேதி சென்னைக்கு வந்தது.

ஒவ்வொரு தலைமுறையிலும் முக்கியமாக மாறுவது பாதையின் அகலம். நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு லேன் இருந்தால் எத்தனை வண்டி போகும்? நான்கு லேன் இருந்தால்? 2ஜியில் ஒரு பாதையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 3ஜியில் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 25 மடங்கு. 4ஜியில் ஒரு பாதை 20 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். 5ஜியில், 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், 100 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். அகலம் கூடக் கூட டேட்டா வேகமாகப் போகும்.

சரி, ரோட்டை அகலமாக்க என்ன செய்வோம்? புதிய இடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பழைய போக்குவரத்தையும் நிறுத்த முடியாது. செல்போன் நிறுவனங்களுக்கும் இதே மூன்று பிரச்சினைகள்தான்.

அப்பா சொன்ன மீட்டர் கேஜ் கதை

இதை நான் அப்பாவுக்கு விளக்க முயன்றபோது, அவர் எனக்கே விளக்கிவிட்டார். அப்பா தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931 முதல் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் ஓடின. பின்னாளில் பிராட் கேஜுக்கு மாற்ற முடிவு செய்தபோது, ஒரே நாளில் பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடவில்லை. தினமும் லட்சக்கணக்கான பேர் போகும் பாதை அது. எனவே பக்கத்திலேயே பிராட் கேஜ் தண்டவாளம் போட்டு, அதில் ரயில் விட்டு, மீட்டர் கேஜையும் ஓட்டினார்கள். 2004 ஜூலையில்தான் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் முழுவதுமாக நின்றன.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும். ஆனா இந்தப் பெட்டி அந்தத் தண்டவாளத்துல ஏறாது. பிராட் கேஜ் வந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டாலும் உன் ஸ்டேஷன்ல பிளாட்பாரம் ரெடியாகி, வண்டி வந்து நின்னாத்தான் உனக்கு பிராட் கேஜ்" என்றார் அப்பா.

செல்போனிலும் இதுதான் நடக்கிறது. 2ஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே 3ஜி வரும். அது ஓடும்போதே 4ஜி வரும். 4ஜி போனில் 5ஜி ஏறாது. தொடக்க விழா நடந்த தேதி வேறு. அந்தச் சேவை உங்கள் தெருவுக்கு வரும் தேதி வேறு. உங்கள் வீட்டின் பின் அறைக்கு வருவது இன்னும் வேறு. இடையில் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: அலைக்கற்றை ஏலம்

வானொலி அலைகள் அரசின் பொறுப்பில் இருக்கும் பொதுச் சொத்து. எந்த நிறுவனம் எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதை மத்திய அரசு ஏலத்தில் முடிவு செய்கிறது. 2010-ல் நடந்த 3ஜி ஏலம் 34 நாட்கள், 183 சுற்றுகள் நீடித்தது. சென்னையும் சேர்ந்த தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்டெல், வோடபோன், ஏர்செல் ஆகிய மூன்று தனியார் நிறுவனங்கள் ஆளுக்கு 1,464.94 கோடி ரூபாய் கொடுத்து இடம் பிடித்தன. ஒரு டவர்கூட நடாத நிலையில் கொடுத்த பணம் இது!

2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த 5ஜி ஏலத்தில் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்றது. இதில் ஜியோ மட்டும் 88,078 கோடி ரூபாய்க்கும், ஏர்டெல் 43,084 கோடி ரூபாய்க்கும் வாங்கின.

இவ்வளவு பணம் போட்டவர்கள் அதை எங்கே சீக்கிரம் திரும்ப எடுக்க முடியும்? ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில். எனவேதான் எந்த தலைமுறையும் முதலில் பெரிய நகரங்களின் மையப் பகுதிக்கு வருகிறது. பிறகு பழைய மகாபலிபுரம் சாலை போன்ற ஐ.டி. பகுதிகள், பெரிய ரோடுகள், ரயில் நிலையங்கள் என்று பரவுகிறது. முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென் போன்ற இடங்களின் உள் தெருக்கள் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

எந்த அலைவரிசை, எவ்வளவு தூரம்?

இந்த இடம்தான் எங்கள் வீட்டுக் கேள்விக்கு முக்கியம். எல்லா 5ஜி அலைகளும் ஒன்றல்ல. 2022 ஏலத்தில் விற்றவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

700 மெகாஹெர்ட்ஸ்: இதன் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். நெடுந்தூரம் போகும். சுவர்களையும் ஓரளவு தாண்டும். ஆனால் இந்த அலைவரிசையில் அகலமான பாதை கிடைப்பதில்லை. இதை வாங்கியது ஜியோ மட்டுமே.

3300 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் சுமார் 9 சென்டிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கும் என்பதால் விளம்பரங்களில் வரும் வேகமெல்லாம் பெரும்பாலும் இதில்தான். ஆனால் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ குறுக்கே வந்தாலே சோர்ந்துவிடும்.

26 கிகாஹெர்ட்ஸ்: அலைநீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆன்டெனா நேரடியாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பயன். ஒரு மரத்தின் இலைகளே இதைத் தடுத்துவிடும்.

பொதுவாகச் சொன்னால், வேகமான அலை தூரம் போகாது. தூரம் போகும் அலையில் அவ்வளவு வேகம் கிடைக்காது. எனவே 5ஜிக்கு டவர்கள் நெருக்கமாக வேண்டும். 2ஜி காலத்தில் ஒரு டவர் பார்த்துக்கொண்ட பகுதிக்கு இப்போது பல டவர்கள் தேவை.

இரண்டாவது படி: டவர், கேபிள், கரண்ட்

டவர் என்றால் இரும்புக் கம்பம் மட்டுமல்ல. உங்கள் தெருவில் இருக்கும் டவரை அண்ணாந்து பாருங்கள். நீளமான பெட்டிகள் தெரிகின்றனவா? அவை உங்கள் போனோடு பேசும் ஆன்டெனாக்கள். அவற்றில் குட்டையாக, சற்றுத் தடியாக இருக்கும் பெட்டி 5ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் 32 அல்லது 64 அனுப்பும் வழிகள் இருக்கும். அவை ஒன்றுசேர்ந்து, போன் இருக்கும் திசை நோக்கி அலையைக் குவித்து அனுப்பும். இப்படிப்பட்ட கருவிகளைத் தயாரிக்கும் நோக்கியா தொழிற்சாலை ஒன்று தாம்பரத்துக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கிறது.

முரசு போல வட்டமாக ஏதாவது இருக்கிறதா? அது மைக்ரோவேவ் ஆன்டெனா. அந்த டவரிலிருந்து அடுத்த இடத்துக்கு டேட்டாவைக் கொண்டுபோவது அதன் வேலை. 2ஜிக்கும் 3ஜிக்கும் அது தாராளமாகப் போதும். 5ஜி முழு வேகத்தில் ஓட வேண்டும் என்றால், டவர் வரைக்கும் பைபர் கேபிள் வருவதே நல்லது. டவரில் புதிய பெட்டியை மாட்டிவிட்டு, கீழே பைபர் வரவில்லை என்றால், அகலமான மேம்பாலத்திலிருந்து இறங்கி சந்துக்குள் போவது போலத்தான்.

பைபர் புதைக்க ரோட்டைத் தோண்ட வேண்டும். அதற்கு உள்ளாட்சி அமைப்பு, நெடுஞ்சாலைத் துறை போன்றவற்றின் அனுமதி வேண்டும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-ல்தான் தாம்பரம் மாநகராட்சி ஆயின. அதுவரை ஒவ்வோர் ஊருக்கும் தனி அலுவலகம். டவரின் உயரமும் விமானங்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம் உள்ள நமது பகுதியில் இது சாதாரண விஷயமில்லை.

விமான நிலையத்தால் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அதற்கு இடையூறு வரக் கூடாது என்று, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2,100 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை, 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் 5ஜி நிலையங்களை வைக்கக் கூடாது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. நகரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் விமான நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அப்போது ஏன் வேகமான 5ஜி வரவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல புறநகர்ப் பகுதிகளில் கரண்டோடு செல்போன் சிக்னலும் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். டவரில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்தாலும், தண்ணீர் சூழ்ந்துவிட்டால் டீசல் கொண்டுபோக முடியாது. எந்த 'ஜி'யாக இருந்தாலும் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது.

மூன்றாவது படி: 5ஜியில் இரண்டு வகை

டவர்களுக்குப் பின்னால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் பெரிய கம்ப்யூட்டர் அமைப்பு ஒன்று இருக்கிறது. யார் வாடிக்கையாளர், அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். புதிய தலைமுறைக்கு இதையும் மாற்ற வேண்டும். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டவரையும் மையத்தையும் புதிதாக 5ஜிக்கென்றே அமைப்பது. ஜியோ இந்த வழியில் தொடங்கியது. இன்னொன்று, இருக்கும் 4ஜியின் மேலேயே 5ஜியைச் சேர்ப்பது. 2022-ல் ஏர்டெல் தேர்ந்தெடுத்தது இந்த வழியை. உலகின் பல நாடுகளிலும் 5ஜி இப்படித்தான் தொடங்கியது. முதல் வழியில் செலவு அதிகம். இரண்டாவதில் வேகமாகப் பரப்ப முடியும்.

இரண்டாவது வகையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். போன் முதலில் 4ஜியோடுதான் இணையும். "இங்கே 5ஜியும் உண்டு" என்று டவர் சொன்னாலே பல போன்கள் மேலே 5ஜி என்று காட்டிவிடும். அந்த நிமிடத்தில் டேட்டா 4ஜியில் போய்க்கொண்டிருக்கலாம். எனவே ஐகானை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தங்கையின் குரல் ஏன் போகவில்லை?

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். டவர் உரக்கப் பேசும். அதற்குக் கரண்ட் இருக்கிறது, பெரிய ஆன்டெனா இருக்கிறது. போன் மெதுவாகத்தான் பேச முடியும். அது அனுப்பும் அதிகபட்ச சக்தி வழக்கமாக 0.2 வாட் அளவுதான். சுவர்களைத் தாண்டி டவரின் குரல் உள்ளே வந்துவிடும். போனின் குரல் வெளியே போய்ச் சேராது. போதாக்குறைக்கு, 3300 மெகாஹெர்ட்ஸில் டவுன்லோடும் அப்லோடும் ஒரே பாதையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. பெரும்பகுதி நேரம் டவுன்லோடுக்கே ஒதுக்கப்படுகிறது, ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் பார்ப்பவர்கள்தான்.

பின் அறையில் அதே போனை வைத்து அளந்தேன். டவுன்லோடு 18 எம்.பி.பி.எஸ். வந்தது. அப்லோடு 0.6. ஒரு நல்ல வீடியோ காலுக்கு அப்லோடு 1 முதல் 2 எம்.பி.பி.எஸ். வரையாவது வேண்டும். தங்கைக்கு அவர்கள் பேசியது கேட்டதும், அவள் பேசியது அவர்களுக்குக் கேட்காததும் இதனால்தான். பால்கனியில் டெஸ்ட் செய்தபோதும் அப்லோடு என்ற இரண்டாவது எண் திரையில் இருந்தது. நான் முதல் எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டதோடு நிறுத்திவிட்டேன்.

பழையது என்ன ஆகும்?

புதிய தலைமுறை நிலைபெற்றதும், பழையதன் அலைவரிசையை எடுத்துப் புதியதற்குக் கொடுப்பார்கள். மீட்டர் கேஜ் நின்றது போலத்தான். ஏர்டெல் 2019 - 2020 காலகட்டத்தில் தன் 3ஜியை நிறுத்தி, அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்தது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் தொடக்கத்திலிருந்தே 2ஜி, 3ஜி கிடையாது. பி.எஸ்.என்.எல். தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை 2025 செப்டம்பரில்தான் நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. 3ஜி ஏலத்தில் தமிழ்நாட்டில் கோடிகளைக் கொட்டிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதன் வாடிக்கையாளர்கள் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அலைந்ததை தமிழ்நாடே பார்த்தது.

இதில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. யாராவது பழைய 3ஜி டேட்டா கார்டை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். 3ஜியை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் அது உதவாது.

பணம் கட்டும் முன் இவற்றைச் செய்யுங்கள்

1. கம்ப்யூட்டரை எந்த அறையில், எந்த மேஜையில் வைக்கப் போகிறீர்களோ, அங்கேயே ஸ்பீடு டெஸ்ட் செய்யுங்கள். கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். மொட்டை மாடி டெஸ்ட் வேண்டாம்.

2. காலையில் ஒரு முறை, இரவு 8 முதல் 10 மணிக்குள் ஒரு முறை, மூன்று நாட்கள் செய்யுங்கள். ஒரு டவரின் வேகத்தை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரவில்தான் உண்மை தெரியும்.

3. டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் பேப்பரில் எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 'மைஸ்பீடு' ஆப்பை இதற்குப் பயன்படுத்தலாம்.

4. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் எவ்வளவு என்று மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 85 அல்லது அதைவிடச் சிறிய எண் என்றால் நல்லது. மைனஸ் 110-க்கு மேல் போனால் கஷ்டம். மைனஸ் எண் என்பதால் குழம்ப வேண்டாம். 80 நல்லது, 115 மோசம்.

5. எந்தச் சேவை எங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024-ல் விதி கொண்டுவந்தது. சிம் வாங்கும் முன் அந்த வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் அருகில் இருக்கும் டவர்களையும் பார்க்கலாம்.

6. புதிய 5ஜி போன் வாங்கினால், அட்டைப்பெட்டியில் அல்லது நிறுவனத்தின் தளத்தில் எந்தெந்த பேண்டு வேலை செய்யும் என்று பாருங்கள். ஆங்கில 'என்' எழுத்தோடு 28 என்றால் 700 மெகாஹெர்ட்ஸ். 78 என்றால் 3300 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் இருந்தால் நல்லது.

7. வை-பை பெயரின் கடைசியில் '5ஜி' என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வை-பை அலைவரிசை. செல்போன் 5ஜிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

8. தெருவில் பைபர் இணைப்பு இருந்தால், வீட்டில் வேலை செய்பவர்களும் படிப்பவர்களும் அதையே எடுங்கள். பைபர் வராத இடத்தில், 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குள் வை-பையாகக் கொடுக்கும் ஏர்பைபர் இணைப்புகளைப் பார்க்கலாம். ஜியோ இதை 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. இதன் ஆன்டெனாவை வீட்டுக்கு வெளியே, மாடியில் பொருத்துவதால் சுவர் தொந்தரவு குறைகிறது. ஆனால் டவரில் கூட்டம் அதிகமானால் இதிலும் வேகம் குறையும்.

அடுத்தது 6ஜி

6ஜி பற்றிய செய்திகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. மத்திய அரசு 2023 மார்ச்சில் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது. 2030-ஐ ஒட்டி அது வரும் என்று உலகம் முழுவதும் எதிர்பார்க்கிறார்கள். நமது சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 2022 மே மாதம், நாட்டில் 5ஜி தொடங்குவதற்கு முன்பே, கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் உள்நாட்டிலேயே உருவாக்கிய சோதனைக் கட்டமைப்பில் 5ஜி அழைப்பு செய்து பார்த்தார்கள். அந்த வளாகத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 5ஜி எங்கள் தெருவுக்கு வந்து சேர நாளாயிற்று. பின் அறைக்கு இன்னும் சரியாக வரவில்லை. 6ஜி தொடங்கும் நாளிலும் இந்த வரிசை மாறப்போவதில்லை. எனவே விளம்பரத்தைப் பார்த்தவுடன் போனை மாற்ற ஓடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பைபர் இணைப்பு இருக்கிறது. ரௌட்டரை எங்கே வைப்பது என்று நான் சொல்வதற்குள், "பின் ரூம்லயே வை" என்று அப்பா சொல்லிவிட்டார். போன அந்த வேலை போனதுதான். நான்கு மாதம் கழித்து இன்னொரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்தது. முந்தின நாள் இரவு தங்கை அதே மேஜையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பீடு டெஸ்ட் செய்து இரண்டு எண்களையும் என்னிடம் எழுதிக் காட்டினாள். பைபர் திடீரென்று போய்விட்டால் என்ன செய்வது என்று, பால்கனியில் ஒரு நாற்காலியும் ஹாட்ஸ்பாட் போட்ட போனும் தயாராக வைத்திருந்தாள். இரண்டும் தேவைப்படவில்லை. அந்தக் கம்பெனியில் இப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.